பதினேழாவது பெயர்

பெண்கள் கலைவிழா அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடல் இருநூறு அடி பின்னால் போய்விடும். விழா முடிந்த பத்தாவது நிமிஷம் திரும்பி வந்துவிடும். முதல் வருஷம் பள்ளிக்கூட ஹாலை ஆம்பளைகள் கேரம் போட்டிக்கு வாங்கிக்கொண்டதால், தையல்கடைக்காரம்மா கோபத்தில் கரையிலேயே மேடையைப் போட்டார். நாற்காலி போட இடம் பத்தவில்லை. அப்போதுதான் கடல் ஒதுங்கியது, பஸ்ஸில் ஒருத்தர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பதுபோல. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அப்புறம் ஈர மணலில் நாற்காலியை விரித்தார்கள். துருப்பிடிக்கிறது என்று வாடகைக் கடைக்காரர் முதல் இரண்டு வருஷம் முணுமுணுத்தார், மூன்றாவது வருஷம் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிவிட்டார்.

விழாவுக்குச் செயலாளரும் தையல்கடைக்காரம்மாதான், மைக்கில் பேர் கூப்பிடுவதும் அவர்தான். பேர் கொடுத்த யாரையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாக வந்து பேர் கொடுப்பவர் ஐஸ் அக்கா. ஐஸ் பாக்டரியில் ஐஸ் கட்டி உடைக்கிறவர். என்ன நிகழ்ச்சி என்று கேட்டால், "அதை மேடையில பாத்துக்கோ" என்பார். பட்டியலில் கடைசியாக, பதினேழாவதாக, அவருக்குப் பத்து நிமிஷம். பேர் கூப்பிட்டதும் கடைசி வரிசையில் எழுந்து நிற்பார். "அடுத்த வருஷம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள், நன்றியுரை நடக்கும், கடல் வரும். இருபது வருஷம் இப்படியே போனது. பாட்டா, ஆட்டமா, பலகுரலா என்று ஊருக்கே குறுகுறுப்பு. தையல்கடைக்காரம்மா துணிக்கு அளவெடுக்கிற சாக்கில் தொண்டையையும் காலையும் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

இருபத்தோராவது வருஷம் தையல்கடைக்காரம்மாவின் நாத்தனார், பள்ளிக்கூட டீச்சர், ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். கதாநாயகி சாவதற்கு மட்டும் பத்து நிமிஷம் கூடுதலாக வேண்டும்.

"ஐஸ் அக்கா பேரை எடுத்துடுங்க அண்ணி. எப்படியும் ஏறப் போறதில்ல."

"பேர் குடுத்துட்டாங்களே."

"இருபது வருஷமா குடுக்கறாங்க. நான் இப்பதான் மொதல் தடவையா கேக்குறேன்."

தையல்கடைக்காரம்மா எடுத்துவிட்டார். கதாநாயகி நிதானமாகச் செத்தாள். நன்றியுரை முடிந்தது. நாற்காலிகளை அடுக்கினார்கள். கடல் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. முப்பத்திநாலு படகும் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பிள்ளைகள் கடலடியில் கிரிக்கெட் ஆடினார்கள். நன்றியுரை சரியில்லையோ என்று தையல்கடைக்காரம்மா மூன்று விதமாக எழுதி, மூன்று தடவை வாசித்துப் பார்த்தார். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீர்விளிம்பை அளந்தார். மடித்துத் தைத்த ஓரம்போல நேராக நின்றது, ஒரு இஞ்சுகூட அசையவில்லை. காலை நனைத்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

படகுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் வராவிட்டால் இனிமேல் இந்த ஊரில் விழாவே கிடையாது என்று முடிவானது. அதை வந்து சொன்னவர் தையல்கடைக்காரம்மாவின் கணவர், படகு இஞ்சின் மெக்கானிக்.

"உங்க ஆட்டம்பாட்டத்துக்கு எங்க கடலக் கட்டிப் போட்டுட்டீங்களேம்மா."

"உங்க கேரம் போட்டிக்கு அது நகந்துகூடக் குடுக்கலையே" என்றார் இவர். சொல்லிவிட்டாரே தவிர, அன்று மிஷினில் உட்காரவில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் தைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தையல் மிஷின் டிராயரிலிருந்து பழைய பட்டியல்களை எடுத்து வெட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினார். பாடினவர்கள் மாறியிருந்தார்கள், கல்யாணமாகிப் போயிருந்தார்கள், ஒருத்தி செத்தும் போயிருந்தாள். இருபது தாளிலும் மாறாமல் இருந்தது கடைசி வரி ஒன்றுதான். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஐஸ் பாக்டரிக்கு நடந்தார்.

மீன் இல்லாததால் ஐஸ் விற்கவில்லை. ஐஸ் அக்கா சும்மா இருக்க முடியாமல் உடைத்துக்கொண்டிருந்தார்.

"பேரக் கூப்பிடலையேன்னு பாத்தேன். மறந்திருப்பன்னு விட்டுட்டேன்" என்றார்.

"மறக்கலக்கா. நாந்தான் எடுத்தேன். நீங்க ஏற மாட்டீங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

ஐஸ் அக்கா சுத்தியலை நிறுத்தினார்.

"கூப்பிடாத எடத்துல நான் எப்படி அடுத்த வருஷம்னு சொல்றது?"

"இப்ப கூப்பிட்டா வருவீங்களா?"

"கூப்பிட்டுப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மறுபடியும் நாற்காலி போட்டார்கள். படகுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். தையல்கடைக்காரம்மா மைக்கைப் பிடித்தார். "பதினேழு. ஐஸ் அக்கா."

ஐஸ் அக்கா எழுந்தார். உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடுவழியே நடந்து வந்தார். ஊர் மொத்தமும் திரும்பியது. நாத்தனார் எழுந்து நின்றே பார்த்தார். ஐஸ் அக்கா மேடைப் படியில் ஒரு காலை வைத்தார், கடலை ஒரு பார்வை, மைக்கை ஒரு பார்வை. தொண்டையைச் செருமினார். தையல்கடைக்காரம்மா தன்னையறியாமல் குனிந்து, "என்னக்கா அது?" என்று கேட்டே விட்டார்.

"அடுத்த வருஷம் பண்றேன்" என்றார் ஐஸ் அக்கா.

கைதட்டல் முடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நன்றியுரைக்குக்கூட நிற்கவில்லை. பன்னிரண்டு நாற்காலியை அது கொண்டுபோனது. மெக்கானிக் செருப்பை விட்டுவிட்டுப் படகுக்கு ஓடினார்.

இப்போது நாத்தனார் நாடகத்தில் கதாநாயகிகள் சட்டென்று செத்துவிடுகிறார்கள். பதினேழாவது வரியில் ஐஸ் அக்கா, பத்து நிமிஷம். போன வருஷம் இரண்டாவது படி வரை ஏறினார். அவர் பேரைக் கூப்பிட்டதும் வாடகைக் கடைக்காரர் கடலோரப் பின்வரிசை நாற்காலிகளை மட்டும் எடுக்கத் தொடங்குகிறார். முன்வரிசையை எடுப்பதில்லை, ஒருவேளை அக்கா பண்ணிவிட்டால் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே.