அறுநூற்றுப் பன்னிரண்டு

அந்த வங்கிக் கடன் அதிகாரி கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என்னிடமே வந்து நின்றபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வசமாக மாட்டினார் மனிதர்.

ஒரு வாரத்துக்கு முன்னால் இன்னொரு கார் வாங்கக் கடன் கேட்டு அவர் மேஜை எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். என் ஓட்டுநர் பள்ளியில் இருப்பது ஒரே கார். ஒரு தொழிற்சாலை தன் பெண் ஊழியர்கள் முப்பது பேருக்குக் கற்றுத்தரக் கேட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டாவது காரைக் காட்டினால் ஒப்பந்தம் எனக்கு, இல்லையென்றால் எதிர்த்தெருப் பள்ளிக்கு. பத்து வருடத்தில் ஒரு தவணை தவறியவள் இல்லை நான். அவர் கணினியைத் தட்டினார், முகம் சுளித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் சொன்னார்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் அறுநூத்திப் பன்னெண்டு மேடம். கடனுக்கு எழுநூறு வேணும்."

"எதனால குறைஞ்சுது?"

"அது சிஸ்டம் போடறது. காரணமெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

"காரணம் தெரியாம நான் எதைத் திருத்தறது?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது அவருக்குப் பதவி உயர்வு. புதுக் கிளைக்குத் தினமும் காரில்தான் போயாக வேண்டும். உரிமத் தேர்வுக்குப் போக, பயிற்சி முடித்தார் என்று நான் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அது வேறு எரிச்சல்.

இரண்டு வாரம் ஒழுங்காகவே கற்றுக்கொடுத்தேன். தொழிலில் நான் வஞ்சனை செய்வதில்லை. திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். மனிதர் சரி சரி என்பார், பார்க்க மாட்டார். கடைசி நாள் மதிப்பெண் போட்டேன்.

"அறுபத்தொண்ணு. எண்பது வேணும்."

"எதுல குறைஞ்சுது மேடம்?"

"அதெல்லாம் சொல்றதில்ல சார்."

"சொன்னாத்தானே திருத்திக்க முடியும்?"

"நானும் அதைத்தான் உங்க மேஜையில கேட்டேன். அறுநூத்திப் பன்னெண்டு, ஞாபகம் இருக்கா?"

முழி பிதுங்கியது அவருக்கு. பதிவேடு எழுதிக்கொண்டிருந்த என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் காரணத்தைக் கொண்டாங்க. உங்க காரணத்தை எழுதித் தரேன்," என்றேன்.

மறுநாளே ஒரு தாளோடு வந்தார். ஸ்கோர் போடும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் முழு அறிக்கையும் தருவார்களாம். அதைக் கேட்க இவருக்குத் தன் பதவி உயர்வு தொங்கலில் நிற்க வேண்டியிருந்தது. என் தவணைகளில் ஒரு கறை இல்லை. ஆனால் ஒரே காலையில் என் பெயரில் ஏழு கடன் விசாரணை. ஏழிலும் இவருடைய ஊழியர் எண்.

"அன்னைக்கு சிஸ்டம் மெதுவா இருந்துச்சு மேடம். திரை வரல, வரலன்னு திரும்பத் திரும்ப அழுத்திட்டேன். ஒவ்வொண்ணும் புது விண்ணப்பமா பதிவாயிடுச்சு. நீங்க கடனுக்கு அலையறதா நினைச்சு அது மார்க்கைக் குறைச்சிருக்கு."

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"எழுநூத்திப் பதினெட்டு."

அறைந்துவிடலாம் போலிருந்தது.

"திருத்தச் சொல்லிக் கடிதம் போட்டுட்டேன். நாப்பத்தஞ்சு நாள்ல சரியாயிடும்."

மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

"அண்ணி, பாவம், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க," என்றாள் நாத்தனார் மெதுவாக.

படிவத்தை இழுத்து எழுதினேன். 'தேர்வுக்குத் தகுதி இல்லை. காரணம்: பலமுறை சொல்லியும் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்புகிறார்.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மேடம், திங்கட்கிழமை நான் அங்க சேரணும்."

"காரணம் கேட்டீங்க, குடுத்துட்டேன். திருத்திக்கிட்டு வாங்க சார்," என்றேன். "நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு."