கட்டிங் மாஸ்டர் தைத்த போர்வை

கட்டிங் மாஸ்டருக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. நாற்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பேத்தி இன்றைக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். இதுவரை அவளைத் தொட்டதில்லை, தூர நின்று பார்த்ததோடு சரி. குளித்து, இன்றைக்கென்றே தைக்கக் கொடுத்து வாங்கிய பழுப்புப் பேண்டையும் மாட்டிக்கொண்டு, பதினோரு மணிக்கே மனிதர் தயார். தயாராகாதது போர்வைதான்.

முப்பது வருஷம் தையல் கடையில் துணி வெட்டியவர், ஒரு பொத்தான்கூடத் தைத்தது கிடையாது. "தைக்கிறது மத்தவங்க வேலை" என்று வீறாப்பாகத் திரிந்தவர். பேத்திக்காக ஒன்றும் செய்ய முடியாமல் கை பரபரத்தபோது மச்சினியிடம் போய் உட்கார்ந்தார். மனைவியின் தங்கையான அவள் பழந்துணிகளை ஒட்டுப்போட்டுக் கையாலேயே போர்வை தைக்கிறவள். கடையிலிருந்து ஒரு மூட்டை வெட்டுத்துணியை அவர் பெருமையாகக் கொண்டுபோய் இறக்கினார். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"இதெல்லாம் புதுத்துணி அத்தான், விறைப்பா இருக்கு. குழந்தைக்குத் துவைச்சுத் துவைச்சு நைஞ்ச துணிதான் வேணும்."

வீட்டையே கவிழ்த்துப் போட்டார். மகளின் பள்ளிக்கூடச் சட்டை, மனைவியின் நைட்டி, மூலை கிழிந்த தலையணை உறை எல்லாம் கிடைத்தன. வெட்டுவதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. தையல்தான் குடிகாரன் நடை நடந்தது. மேல்துணி, நடுவில் பழைய பெட்ஷீட், அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட வேண்டும்.

"இடது கைய அடியில வெச்சுக்குங்க. ஊசி முனை விரல்ல குத்தணும். அப்பதான் மூணு துணியும் தாண்டிருச்சுன்னு அர்த்தம்."

"குத்திக்கிட்டே இருந்தா விரல் என்னத்துக்கு ஆகும்?"

"தாத்தா விரல் ஆகும்."

பிள்ளை முதலில் தன் போர்வையில்தான் படுக்க வேண்டுமென்று மகளிடம் வாக்கும் வாங்கிவிட்டார். இன்றைக்கு உதவிக்கென்று அவர் வீட்டுக்கு வந்த மச்சினியோ, எதற்கும் இருக்கட்டுமென்று மெத்தென்ற ஒரு விரிப்பை விலைக்கு வாங்கி வந்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு ஒரு பக்கம் பாக்கி. விரல் சல்லடையாகிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். வலியே இல்லை. போர்வையை மடியில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஊசியை ஓட்டினார். தையல் முதல் தடவையாக நேராகப் போனது. இது தன் கைதானா என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பதறாத காரியம் சிதறாது அத்தான்."

"நீ உன் விரிப்ப மடிச்சு உள்ள வை."

கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது. துள்ளி எழுந்தார். போர்வையும் கூடவே எழுந்தது. உதறினார், விடவில்லை. புரட்டிப் பார்த்தால், உள்ளங்கை நீளத்துக்குப் போர்வையும் பேண்டும் ஒன்றாகத் தைபட்டிருந்தன.

மச்சினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விரல்ல குத்தலையா?" அவர் அசடு வழிய பிளாஸ்டரைக் காட்டினார்.

"பிரிச்சா ஓரம் வாயப் பொளந்துக்கும். திரும்பத் தைக்க அரை மணி ஆகும் அத்தான். அதுவரைக்கும் என் விரிப்புல படுக்கட்டுமே."

பேண்டைக் கழற்றினாலும் அது போர்வையோடுதான் தொங்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சாக்பீஸால் கோடு போடாமல் எந்தத் துணியிலும் கத்திரி வைக்காதவர், கோடும் போடவில்லை, யோசிக்கவும் இல்லை. கத்திரிக்கோலை எடுத்துத் தன் தொடைமேலேயே சுற்றி வெட்டினார். பழுப்புத் துண்டு போர்வையின் அடியில் தங்கிவிட்டது. போர்வையைக் கட்டிலில் விரித்துவிட்டு, ஓட்டையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

பிள்ளையோடு மகள் உள்ளே வந்தாள், பின்னால் அவர் மனைவி. மகள் போர்வையைப் பார்த்தாள். தன் பள்ளிக்கூடச் சட்டையை அடையாளம் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"நீங்களே படுக்க வைங்கப்பா."

வாங்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஓட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"ஏங்க, புதுப் பேண்ட்ல என்ன அது?" என்றாள் மனைவி.

அவர் காதில் விழவில்லை. விரலில் சுற்றியிருந்த பிளாஸ்டரை உரித்துப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.