இரண்டு கை உப்பு

ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வேண்டாமென்று தள்ளி, வெயில் விழாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள் சகாயசெல்வி. மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. மழை மாதங்களில் உப்பளம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும்போது இதே பாண்டிச்சேரி பஸ்ஸில் மீன்கூடையோடு எத்தனையோ தடவை போனவள்தான். இன்றைக்குப் பெட்டிக்குள் இருந்தது அவள் புருஷன் ஜான்சனுடைய ரத்தம்.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அவனுடைய இடது கிட்னியைக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "கட்டி போயிடுச்சும்மா. திரும்ப வர்றதுக்கு எவ்ளோ வாய்ப்புன்னு பாக்கணும். ரத்தத்துல சில புரோட்டீன் எவ்ளோ இருக்குன்னு டெஸ்ட் பண்ணுவோம். அதிகமா இருந்தா மருந்து ஆரம்பிக்கலாமான்னு யோசிப்போம். கம்மியா இருந்தா ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கினே இருக்கலாம். இத மட்டும் வச்சி சத்தியம் பண்ண முடியாது. ஆனா இன்னா பண்ணணும்னு ஒரு வழி தெரியும்."

அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து ஜான்சன் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க விடவில்லை. "நான் எப்போ சாவேன்னு ஒரு டியூப் சொல்லணுமா?" என்றான். அவள் அழுதாள், சோறு தின்னாமல் கிடந்தாள். கடைசியில் பக்கத்துத் தெரு நர்ஸ் ரேணுகாவை வீட்டுக்கே கூட்டி வந்து நிறுத்தினாள். கையை நீட்டினான். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இந்த ஒருவாட்டிதான். இன்னொருவாட்டி கைய நீட்டுன்னு எவளாவது வந்தீங்க, உப்பளத்து வரப்பு மேலயே போய்ப் படுத்துக்குவேன்."

"அக்கா, ஜில்லுன்னே போய்ச் சேரணும். சூடாச்சின்னா வேஸ்ட்டு" என்று ரேணுகா சொல்லி அனுப்பினாள்.

ஏறுவதற்கு முன்னால், மரக்காணம் நிறுத்தத்தில் நின்றபோது பஸ் வந்தபாடில்லை. வெயில் தார்ரோட்டில் பளபளத்தது. பெட்டிக்குள் ரேணுகா வைத்திருந்த ஐஸ் பைகள் வேர்த்து, தொட்டால் குழைந்தன. இருப்பதே இந்த ஒரு டியூப்தான். இது போனால் இன்னொன்று கிடையாது. எதிரே மீனுக்கு ஐஸ் போடும் சேட்டுவின் கடைக்கு ஓடினாள்.

"இன்னாக்கா, உப்பு சீசன்லயே மீன் யாவாரமா? வஞ்சிரமா, வாளையா?"

"வாய மூடிக்கினு ஐஸ ஒடச்சிப் போடுடா."

உடைத்த ஐஸின் மேல், மூலையிலிருந்த மூட்டையில் கைவிட்டு இரண்டு கை கல்லுப்பு அள்ளிப் போட்டாள். இந்தக் கரையில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. உப்பு போட்ட ஐஸ்தான் நின்று குளிரும் என்று கைக்கே தெரியும். டியூபைச் சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்துவிட்டாள். குளிர் நன்றாக ஏறட்டும் பாவம் என்று, அதை ஐஸுக்குள் ஆழமாகப் புதைத்தாள்.

பஸ் பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது பெட்டி மடியை மரத்துப்போக வைத்திருந்தது. அந்தக் குளிரே அவளுக்குத் தைரியமாக இருந்தது. ஆனால் மனசு சும்மா இருக்குமா? பதில் ஏற்கெனவே இதற்குள் இருக்கிறது. எனக்குத் தெரியாது, அந்த மனுஷனுக்குத் தெரியாது, இந்த ரத்தத்துக்குத் தெரியும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

பாண்டிச்சேரி லேபில் ஜெயப்ரியா என்ற பெண் டியூபை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"இன்னாம்மா போட்டீங்க உள்ள?"

"ஐஸு. கொஞ்சம் உப்பு. மீனுக்குப் போடுறாப்புல. ஏம்மா, ஜில்லுன்னுதானே இருக்குது?"

ஜெயப்ரியா டியூபை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஜில்லுன்னு இருக்கணும்மா, உறையக் கூடாது. உப்பு போட்டா ஐஸ் அதுக்கும் மேல குளிர்ந்து ரத்தத்தையே உறைய வச்சிடும். உறைஞ்சா அணுவெல்லாம் உடைஞ்சிரும். புரோட்டீன் அளவு தப்பாக் காட்டும். புதுசாத்தான் எடுக்கணும்."

சகாயசெல்வி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு பெருமூச்சு. இன்றைக்குத் தெரியாது. அப்பாடா, இன்றைக்குத் தெரியாது. அடுத்த நொடியே அந்தப் பெருமூச்சு எங்கிருந்து வந்தது என்று புரிந்து, தன்னைக் கண்டு தானே பயந்துபோனாள்.

"வீட்டுல கேட்டா வழியில டியூப் உடைஞ்சிருச்சின்னு சொல்லிருங்களேன்" என்றாள் ஜெயப்ரியா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

போன் ஒரு மணி அடிப்பதற்குள் ஜான்சன் எடுத்துவிட்டான். "இன்னா சொன்னாங்க?"

அந்தக் குரலைக் கேட்டபிறகு அவளுக்குப் பொய் வாயில் வரவில்லை. "இன்னும் பாக்கலைங்க. நான் கெடுத்துட்டேன். ஐஸ்ல உப்பு போட்டுட்டேன். ரத்தம் கல்லாட்டம் ஆயிடுச்சி."

"எவ்ளோ போட்ட?"

"ரெண்டு கை."

"ஏன்டி, புருஷன் ரத்தத்தையே கருவாடு போட்டுட்டியா?" சிரிப்பு கிளம்பியது. தையல் இழுத்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "அங்கியே இரு" என்றான். போனை வைத்துவிட்டான்.

என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். வெயில் சாய்கிற நேரத்துக்கு, துண்டை மடித்து இடுப்புப் பக்கம் அழுத்திப் பிடித்தபடி ஜான்சன் லேப் கேட்டுக்குள் வந்தான். பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் முகத்தில் இருந்தது.

"கோவத்துல போனை வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"கோவந்தான். நேர்ல காட்டலாம்னு வந்தேன்." பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "காலையிலருந்து போனையே பாத்துக்கினு இருந்தேன் செல்வி. தெரியாம இருக்கிறது தெரிஞ்சிக்கிறதவிட..."

ஜெயப்ரியா அவன் கையில் ரப்பர் பட்டை கட்டினாள். "கைய மூடுங்கண்ணா." மூடினான். ஊசி இறங்கியது. இந்தத் தடவை அவன் சுவரைப் பார்க்கவில்லை. டியூபின் அடியில் ரத்தம் கறுப்பாய்த் துளிர்த்து ஏறத் தொடங்கியது.

"போதும், இப்போ கைய விடுங்க."

அவன் விடவில்லை. விட நினைக்கிறான் என்பது தெரிந்தது, கைதான் கேட்கவில்லை. சகாயசெல்வி பக்கத்தில் மண்டியிட்டு, உப்பில் வெடித்துக் காய்ந்த அந்த விரல்களை மெல்லப் பிரிக்க ஆரம்பித்தாள். சுண்டுவிரல் வந்தது. மோதிரவிரல் வந்தது. மற்றவை இறுகியே இருந்தன. டியூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.