பாலாஜியின் ஐந்து மூட்டை

ஆத்மநாதனைப் போலப் பொறுமையான மனிதனை வல்லத்திராக்கோட்டையில் மட்டுமல்ல, புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இப்படிச் சொன்னது ‘நிரல்வாசல்’ என்கிற இணைய மன்றம். கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அங்கே வந்து தமிழில் கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஆத்மநாதனுக்குத்தான் முதலிடம். போன வருடம் அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘பொறுமைச் செம்மல்’ என்று தங்க நிறத்தில் ஒரு பட்டம் ஒட்டினார்கள். ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதைக் காட்டினான். சிலிண்டர் போட வந்த ஆள்கூட அதைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

பட்டம் சும்மா கிடைத்துவிடவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். ஒருவன் ‘சார், கோடு ஓடல’ என்று மூன்றே வார்த்தை எழுதிவிட்டுக் காணாமல் போய்விடுவான். என்ன நிரல், எங்கே நின்றது, ஒன்றும் இருக்காது. இன்னொருவன் கணினித் திரையை ஃபோனில் படம் எடுத்துப் போடுவான். அதில் ட்யூப் லைட் பளிச்சென்று தெரியும், படம் எடுத்தவனுடைய பனியன் தெரியும், நிரல் மட்டும் தெரியாது. நாலாவது வரியில் தப்பு என்று கணினியே சிவப்பு எழுத்தில் சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல் ‘எங்கே தப்பு?’ என்று கேட்க ஒரு கூட்டம் உண்டு. இத்தனை பேருக்கும் ஆத்மநாதன் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பான்: ‘நல்ல கேள்வி நண்பரே. எல்லோரும் தடுக்குகிற இடம்தான். மெதுவாகப் பார்ப்போம், அவசரமே இல்லை.’

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் அவன். காலையில் ஒரு மணி நேரம், சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம் இந்தத் தொண்டு. முடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது பொறுமையை மட்டும் மறக்காமல் அங்கேயே வைத்துவிட்டு வருவான். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் தட்டு நகரும். மோட்டார் போடச் சொன்னது மறந்துபோனால் தெருவுக்கே கேட்கும். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மனைவி திலகவதி இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பி.எஸ்சி. கணக்குப் படித்தவள். வயலுக்கு ஆள் விடுவதிலிருந்து நெல்லை லாரி ஏற்றுவது வரை அவள்தான் பார்த்தாள். ஆத்மநாதன் தன் வயலைப் பார்த்து இரண்டு வருடம் இருக்கும். அதுவும் பஸ் ஜன்னல் வழியாக.

அந்தத் திலகவதி ஒரு நாள் தனக்கும் நிரல் எழுதச் சொல்லித் தரும்படி அவனிடம் கேட்டிருந்தாள். பெரிய மனது பண்ணி உட்கார்ந்தான். பதினோரு நிமிடம் தாக்குப்பிடித்தான்.

“ஒனக்கு பி.எஸ்சி. கணக்கு எந்த மகராசன் குடுத்தான்? இதுகூட மண்டைல ஏறாதா?” என்று கேட்டான்.

திலகவதி எழுந்துபோனாள். அவளுக்கு இதில் ஆர்வம் இல்லை என்று ஆத்மநாதன் முடிவு கட்டிக்கொண்டான். தன்னுடைய பழைய லேப்டாப்பை மட்டும் சமையல் வீடியோ பார்க்கட்டும் என்று அவளுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டான்.

தை மாத அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தில் ‘பாலாஜி07’ என்று ஒரு புதிய ஆள் வந்து சேர்ந்தான். அவன் கேட்ட விதமே ஆத்மநாதனைச் சொக்க வைத்துவிட்டது. படம் கிடையாது, அழுகை கிடையாது. நிரலை முழுசாக எழுதி, என்ன எதிர்பார்த்தான், என்ன வந்தது என்று வரிசையாகச் சொல்லியிருந்தான்.

‘அண்ணா, லாரியில் நெல் மூட்டை ஏற்றும்போது ஒருவர் சத்தமாக எண்ணுவார். ஃபோன் அதைக் கேட்டு ஒவ்வோர் எண்ணையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும். இருபது ஆனதும் அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். அதனால் எத்தனை வரிகளில் எண் இருக்கிறதோ அத்தனை மூட்டை என்று என் நிரல் கூட்டுகிறது. ஆனால் நூறு மூட்டை ஏற்றினால் தொண்ணூற்றைந்து என்று காட்டுகிறது. ஒரு உழவர் குழுவில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வியாழக்கிழமை இது சரியாக ஓடுவதைக் காட்டினால்தான் எனக்கு அந்த வேலை. இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடைக்காது அண்ணா.’

கீழே மாதிரிக்கு ஒரு கோப்பும் இருந்தது. ஒன்று முதல் இருபது வரை, ஐந்து முறை. ஆத்மநாதன் ஓட்டிப் பார்த்தான். நூறு என்று சுத்தமாக வந்தது.

‘நல்ல கேள்வி நண்பரே. எனக்குச் சரியாகத்தான் வருகிறது. மெதுவாகப் பார்ப்போம்’ என்று தொடங்கி, கணினி ஏன் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது என்று இரண்டு பக்கம் எழுதினான். பாலாஜி படித்துவிட்டு, தன் நிரலில் அந்தச் சிக்கல் வர வாய்ப்பில்லை என்று மரியாதையாகக் காரணத்தோடு சொன்னான். திங்கட்கிழமை ஆத்மநாதன், வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினான். அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை, ஃபோனை மாற்றிப் பார்க்கச் சொன்னான். ஒன்றும் தெரியாதபோது மருத்துவர்கள் ஊர் மாற்றிப் பார்க்கச் சொல்வது போலத்தான் இதுவும். ஒரு தடவைகூட அவனுக்குக் கோபம் வரவில்லை. வியாழக்கிழமைக்குள் இந்தப் பையனைக் கரையேற்றிவிட வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டான்.

செவ்வாய் மதியம் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“மன்றத்துல பாலாஜினு ஒரு பய வந்திருக்கான். என்ன அறிவு, என்ன பணிவுங்குற! ஒரு தடவ சொன்னா கப்புனு புடிச்சுக்குறான். சில பேருக்கெல்லாம் ஆயிரம் தடவ சொன்னாலும் ஏறாது.” சில பேர் யார் என்பது விளங்காமல் போய்விடக் கூடாதே என்று மனைவியை ஒரு பார்வையும் பார்த்தான்.

“அப்படியாங்க?” என்றாள் திலகவதி. “அந்தத் தம்பிக்கு வேலை கிடைச்சிருமா?”

“நான் இருக்கேன்ல. கிடைக்காம எங்கிட்டுப் போகும்?”

“சாம்பார் ஊத்தவா?” என்று கேட்டு ஊற்றினாள். “நாளக்கழிச்சு நான் அரிமளம் வரைக்கும் போகணும்ங்க. ஒரு ஆபீஸ்ல வேலை இருக்கு.”

“போய்ட்டு வா. மத்தியானத்துக்கு ஆக்கி வச்சுட்டுப் போ” என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

புதன்கிழமை காலை ஆத்மநாதனுக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய புத்தி வந்தது. பாலாஜி போட்டிருப்பது உண்மையான கோப்புதானா? அவ்வளவு சுத்தமாக எந்த ஃபோன் எழுதும்? ‘நண்பரே, வயலில் பதிவான கோப்பை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே போடுங்கள்’ என்று கேட்டான்.

பதில் வரக் கால் மணி நேரம் ஆனது. ‘மன்னிக்கவும் அண்ணா. அதில் வேண்டாத பேச்செல்லாம் பதிவாகியிருக்கிறது. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் போடக் கூச்சமாக இருந்ததால்தான் நானே ஒன்று, இரண்டு என்று சுத்தமாக எழுதிப் போட்டேன். எண் இல்லாத வரிகளை என் நிரல் தள்ளிவிடும், அதனால் பாதகமில்லை என்று நினைத்தேன்.’

கோப்பைத் திறந்தான்.

‘கோர்ட்டு வயல், முதல் லாரி. லாபம். 2. 3. 4. ஏய் பாத்துத் தூக்குடா எருமை. 5. 6. டீ வந்திருச்சா. 7.’ இருபது வரை போய் மறுபடியும் ‘லாபம். 2. 3.’

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. சிக்கல் அங்கேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கத்தில் நெல்லை எண்ணுகிறவர்கள் யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் மூட்டையை லாபம் என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டுக்குப் போவார்கள். எருமையையும் டீயையும் தள்ளிவிட்ட நிரல், அதுவும் எண் இல்லையே என்று லாபத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. இருபதுக்கு ஒரு மூட்டை, நூற்றுக்கு ஐந்து மூட்டை. மூன்று நாள் பூஜ்யத்தைப் பற்றிப் பாடம் நடத்தியாயிற்று. விஷயம் ‘ஒன்று’ என்ற எண்ணில் இருந்தது.

பதில் எழுத விரலை வைத்தவன் கோப்பின் முதல் வரியை இன்னொரு தடவை பார்த்தான். கோர்ட்டு வயல். அவனுடைய தாத்தாவும் பங்காளியும் வரப்புக்காகப் பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்ததால் அந்தப் பெயர் வந்தது. அவன் வீட்டைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை. கீழே இறங்கினான். ‘பிச்சையம்மாள் வயல், ரெண்டாவது லாரி.’ பிச்சையம்மாள் அவனைப் பெற்றவள். அதற்கும் கீழே, ‘ஏம்ப்பா மலையாண்டி, கொஞ்சம் சத்தமா எண்ணுங்க, ஃபோனுக்குக் கேக்கல’ என்று ஒரு வரி. மலையாண்டிதான் இவர்கள் வயலில் மூட்டை எண்ணுகிற ஆள். அவரிடம் இப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அடுத்த அறையில் இருந்தாள்.

ஆத்மநாதன் பழைய பதிவுகளை எண்ணிப் பார்த்தான். தாலி கட்டிய மனைவி அவனைப் பதினேழு தடவை அண்ணா என்று கூப்பிட்டிருந்தாள்.

எழுந்து அடுத்த அறைக்குப் போனான். திலகவதி சமையல் வீடியோவுக்காகக் கொடுத்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மூடவில்லை, மறைக்கவுமில்லை.

“நீதானா பாலாஜி?”

“ஆமாங்க.”

“எங்கிட்ட நேரா கேட்டா என்ன?”

“கேட்டேனே. பதினோரு நிமிசம்.”

அவனுக்குச் சுருக்கென்றது. சரி, ஆனது ஆகிவிட்டது, இன்றைக்கு அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மனதுக்குள் மன்றத்தை நினைத்துக்கொண்டான். முதல் நிமிடம் அருமையாகப் போனது. இரண்டாவது நிமிடம் லாபத்தைக் காட்டினான். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டு, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது நிமிடம், அவள் விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்ததும் அவன் கால் ஆட ஆரம்பித்தது. நான்காவது நிமிடம் அவள் ஒரு வரியைத் தப்பான இடத்தில் வைத்தாள்.

“அங்கிட்டு இல்ல! ஒனக்கு எத்தன தடவ சொல்றது? தள்ளு, குடு இங்கிட்டு!”

திலகவதி லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

“நீங்க பக்கத்துல ஒக்காந்தா நான் முட்டாளாயிடுறேங்க. எனக்குத் தெரிஞ்சதும் மறந்துபோகுது. நாளைக்கு நான் தனியாத்தான் அங்க நின்னு காட்டணும். தயவுசெஞ்சு ஒங்க ரூமுக்குப் போயி பாலாஜிக்குப் பதில் போடுங்க.”

ஆத்மநாதனுக்கு அவமானமாக இருந்தது, அதை விட, அவள் சொல்வது நிஜம் என்பது தாங்க முடியாததாக இருந்தது. எழுந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அந்த மாயம் நடந்தது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ‘எல்லோரும் தடுக்குகிற இடம்தான்’ என்று எழுதினான். ‘இது எண்ணா?’ என்று பார்க்கும் வரிக்குக் கீழே, லாபம் என்ற சொல் வந்தால் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள இன்னொரு வரி வேண்டும்; அதை எங்கே வைப்பது, ஏன் அங்கே வைப்பது என்று நிதானமாக விளக்கினான். அந்தப் பதில் எந்தெந்தத் தேசத்துக் கம்ப்யூட்டரையெல்லாம் சுற்றியோ பத்தடி தள்ளியிருந்த அடுத்த அறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது.

‘நூறு வந்துவிட்டது’ என்று பாலாஜி எழுதினான். ‘நன்றி சார்.’

மறுநாள் காலை திலகவதி சோறு ஆக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஆத்மநாதனுக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மன்றத்தில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டான். நான்கு மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது வாசலுக்கே போய் நின்றான்.

“என்னாச்சு?”

“கிடைச்சிருச்சுங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க.” முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. அவளை அப்படி அவன் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. “மூட்டைய எண்ணச் சொல்லி, பேசச் சொல்லி, எல்லாம் ஓட்டிப் பாத்தாங்க. லாபத்தச் சேத்திருக்கேன்னதும் அங்க இருந்த அதிகாரி அம்மா கை தட்டிட்டாங்க.”

ஆத்மநாதனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். “யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க.” திலகவதி பையை உள்ளே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். “ஆன்லைன்ல ஒரு நல்ல மனுசன், ரொம்பத் தன்மையானவரு, நேர்ல ஒரு தடவகூட நான் பாத்ததில்லன்னு சொல்லிட்டேன்.”