மூன்றாவது கண்ணாடி

சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டைச் சவுரியப்பன் நகத்தால் தட்டிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

"இண்டூர் சத்திரம் நிக்கும்டி" என்றார். மிச்சத்தை இருமல் விழுங்கியது. மகள் தெரசா அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

சவுரியப்பன் மேஸ்திரி கட்டியது என்றால் சேலத்திலிருந்துகூட வந்து பார்ப்பார்கள். பொம்மிடி ஓடைப் பாலம், இந்தச் சத்திரம், சொந்த ஊர் மாதா கோயிலின் மணிக்கூண்டு. மூன்றும் வளைவுகள். போன மழைக்குப் பிறகு மூன்றிலும் மயிரிழை விரிசல் கண்டிருந்தது. விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடியைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருந்தார். சுவர் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். அதற்கு வளையத் தெரியாது, உடைந்துவிடும்.

வைத்தியர் கைவிட்ட பிறகு, மூன்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நேற்றுப் பாலத்தைப் பார்த்தாயிற்று.

"நீங்க கட்டுனது மேல யானையே ஏறுனாலும் அசையாதுங்க மேஸ்திரி. எம் மாட்டுக்குத்தான் இடுப்பு ஒடியுது" என்றான் வண்டிக்காரன் பச்சியப்பன். சவுரியப்பன் சிரிக்கவில்லை.

மணிக்கூண்டின் கீழ் இறங்கியதும் தெரசாதான் முதலில் பார்த்தாள். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. நடுவே ஒரு கேழ்வரகு நுழையும் இடைவெளி.

சவுரியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்திமூணாம் வருசத் திருநாளுக்கு மணி அடிக்கோணும்னு ஒரே அவசரம். சுண்ணாம்பு இறுக ரெண்டு மாசமாவது வேணும். அதுவரைக்கும் வளைவை முட்டு மரந்தான் தாங்கோணும். பன்னெண்டே நாள்ல உருவிட்டேன்."

"எட்டு வருசமா நிக்குதேப்பா?"

"இனிமே சின்ன மணிக்குத்தான் நிக்கும். பெரிய மணி ஆடுனா வளைவைப் பக்கவாட்டுல தள்ளும். சாவுக்கும் திருநாளுக்குந்தான் அதை அடிப்பாங்க." நிமிர்ந்து பார்த்தார். "அடுத்து எனக்குத்தான். அடிக்க வுடாத."

"சொன்னா, உங்க பேரு என்னாவும்?"

அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினார். வண்டி வீட்டு வாசலில் நின்றபோது அவர் மூச்சும் நின்றிருந்தது.

மறுநாள் காலை ஊரே கூடிவிட்டது. அவர் கட்டிய மணிக்கூண்டு வளைவின் அடியிலேயே பாடையை இறக்கினார்கள். நிழலுக்குப் பெண்களும் அங்கேதான் நெருக்கியடித்து நின்றார்கள். மாதம் ஒருமுறை வரும் பங்குச் சாமியார் இல்லை. உபதேசியார்தான் செபம் சொல்லி முடித்து, பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தார்.

"அவரு கட்டுன கூண்டு. அவருக்கே அடிக்கறோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரசா எழுந்து போய்க் கயிற்றைப் பற்றினாள்.

"வேணாங்க."

"என்னம்மா?"

"வளைவு நகர்ந்திருக்குங்க. அப்பாவே பாத்தாரு. முட்டு மரத்தை முன்னாலயே எடுத்துட்டாராம்." முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுவரிலிருந்து பெயர்த்து வைத்திருந்த உடைந்த கண்ணாடியைக் காட்டினாள்.

கூட்டத்திலிருந்து சித்தப்பா சீறினார்: "பொணம் மண்ணுக்குப் போவல, அதுக்குள்ள பெத்தவன் பேரைக் கெடுக்கறியே! அந்தாளு கட்டுனது வுழுமா?"

"வுழுமுங்க சித்தப்பா. எல்லாரும் வெளிய வாங்க."

உபதேசியார் மேலே பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கயிற்றை, அது ஆடாதபடி, மெல்ல விட்டார். பெண்கள் ஒவ்வொருவராக வெயிலுக்கு நகர்ந்தார்கள்.

மணி இல்லாமலே பாடையைத் தூக்கினார்கள். கூட நடந்த தெரசா குனிந்து பார்த்தாள். அப்பாவின் கூப்பிய கைகள்மேல் வளைவிலிருந்து உதிர்ந்து வெள்ளையாக ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புத் தூள் கிடந்தது.

அவள் அதைத் துடைக்கவில்லை.