காமர்ஸ் படிக்கிற பெண்ணுக்கு நீட் கோச்சிங்

அன்று அந்த அலுவலக அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ராஜகுரு. அவருடைய தம்பி, ஜவுளிக்கடை பத்ரிநாத். தம்பி மனைவி வசுந்தரா. மேசைக்கு அந்தப் பக்கம், இல்லத்தின் பொறுப்பாளர் முத்துச்செல்வி. யாருக்காக வந்தார்களோ அந்தப் பெண், பத்ரிநாத்தின் ஒரே மகள் இந்துப்ரியா, வாசலில் நின்ற காரில் இருந்தாள். பதினேழு வயது. இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நான்கு மாதமாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்த மாத்திரைகளை விழுங்கிவிட்டாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. சொந்தக்காரர்களிடம் ‘ஃபுட் பாய்சன்’ என்று சொன்னவர் ராஜகுருதான். மூன்று மாதமாவது தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தில் பிள்ளையைச் சேருங்கள் என்று டாக்டர் சொன்னதும், ‘நீட் கோச்சிங்குக்குப் போகிறாள்’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவரும் அவர்தான். மகால் பக்கத்தில் மூன்று தலைமுறையாக யாருக்கும் தலைகுனியாமல் வாழ்ந்த சௌராஷ்ட்ரக் குடும்பம். அந்தப் பெயரை அவர் காப்பாற்றாமல் வேறு யார் காப்பாற்றுவது?

இடம் பார்க்கும் வேலையையும் அவரேதான் கையில் எடுத்துக்கொண்டார். மகள் பேச்சை எடுத்தாலே தம்பி எழுந்து வெளியே போய்விடுவார். ராஜகுரு ஒரு நோட்டுப் போட்டு, பத்தொன்பது கேள்விகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டார்.

போன வாரம் மேலூர் பக்கம் ஓர் இடம் பார்த்தார்கள். பளபளவென்று கிரானைட் தரை, வாசலில் நீரூற்று. மானேஜர் எதைக் கேட்டாலும் “நோ ப்ராப்ளம் சார்” என்றார். நாற்பது நாளைக்குப் பெற்றோர் பார்க்கக் கூடாது. அப்புறம் வாரம் ஒரு போன், ஸ்பீக்கரில், தமிழில் மட்டும். “எங்க ஸ்டாஃபுக்குப் புரியணும்ல சார்.” ராஜகுரு நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்தார். பெற்றவளிடம் பிள்ளை தன் வீட்டுப் பாஷையில் அழக்கூடக் கூடாதாம்.

இது இரண்டாவது இடம், அலங்காநல்லூர் போகும் சாலையில். பழைய ஓட்டுக் கட்டிடம், பதினோரு பெண்கள்.

“ராத்திரி யார் முழிச்சிருப்பாங்க?”

“ரெண்டு பேரு சார், மாத்தி மாத்தி.”

“டாக்டர்?”

“வாரத்துக்கு ரெண்டு நாளு வாராக. நம்பர் தாரேன், நீங்களே பேசிக்கிடுங்க.”

“நாங்க எப்ப பார்க்க வரலாம்?”

“ஞாயித்துக்கிழமை தவறாம வரணும். வராட்டி நான் போன் போட்டு வைவேன்.”

சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழின் தேதியை ராஜகுரு எழுந்து போய்ப் படித்தார். திரும்பும்போது மூன்றாவது முறையாக ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். சாப்பாட்டில் காரம் எவ்வளவு என்று கேட்டார். அவளுக்குக் காரம் ஆகாது.

“ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டே போங்க சார்” என்றாள் முத்துச்செல்வி. “கேள்வி அம்புட்டும் முடிஞ்சதா? இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். பாப்பாவுக்கு என்ன செய்யுது?”

“படிப்புல கொஞ்சம் கவனம் கம்மி” என்றார் ராஜகுரு.

வசுந்தரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜகுரு சட்டென்று சௌராஷ்ட்ரத்துக்கு மாறினார். “மாத்திரை விஷயத்தை இந்தம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே. இங்கேருந்து எங்கெங்க போகுமோ.”

முத்துச்செல்வி பேனாவை மூடி வைத்தாள். கொஞ்சம் கொச்சையாக, ஆனால் தடுமாறாமல், அதே சௌராஷ்ட்ரத்தில் சொன்னாள். “சொல்லலைன்னா மாத்திரை டப்பாவைப் பூட்டி வைக்கணும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

முத்துச்செல்வி தமிழுக்குத் திரும்பினாள். “மகால் பக்கந்தான் சார் பொறந்து வளந்தேன். சுத்தி அம்புட்டும் உங்காளுக வீடுதான். உங்க பாஷைல திட்டு வாங்காம ஒருநாள் விளையாண்டதில்ல.”

வசுந்தரா எல்லாவற்றையும் தன் பாஷையிலேயே சொல்லி அழுதாள். ராஜகுரு தடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கார்ல புழுக்கம் தாங்கல” என்று வாசலில் குரல் கேட்டது. இந்துப்ரியா. யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். “ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா?”

“கிடையாது” என்றாள் முத்துச்செல்வி. “பாத்ரூமுக்கு உண்டு. அதையும் வெளியிலிருந்து திறக்கலாம்.”

“பிடிக்கலைன்னா?”

“எங்கிட்ட வந்து சொல்லு. ரெண்டு நாள் பேசிப் பாப்போம். அப்பவும் பிடிக்காட்டி உங்க பெரியப்பா வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

இந்துப்ரியா பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். “நான் இங்க இருந்தா வெளியில என்ன சொல்வீங்க?”

“நீட் கோச்சிங்னு...”

“பெரியப்பா, நான் காமர்ஸ் குரூப்.”

ராஜகுருவுக்கு நிஜமாகவே தெரியாது. “காமர்ஸா? எப்போலேருந்து?”

“போன வருஷத்துலேருந்து.”

பத்ரிநாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. இந்துப்ரியாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “மாத்திரை விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். மனசு சரியில்லைன்னு சொல்லுங்க, போதும். பொய் சொல்லி என்னை ஒளிச்சு வைக்கறதா இருந்தா நான் இருக்க மாட்டேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

வீட்டுக்கு என்றால் மறுபடியும் அவள் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் அதே அறை. விடிய விடியக் கதவுக்கு வெளியே வசுந்தரா.

ராஜகுரு பதில் சொல்லுமுன் அவருடைய போன் அடித்தது. மூத்த அக்கா ஹம்சவேணி. இத்தனை வயதிலும் அவரை ‘டேய்’ என்று கூப்பிடும் ஒரே ஆள். அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“டேய் குரு! காமர்ஸ் படிக்கிற பொண்ணுக்கு எதுக்குடா நீட் கோச்சிங்? அவளோட படிக்கிற பவதாரிணி வீட்ல கேக்கறாங்க. பொண்ணு யாரோடயோ ஓடிப்போயிட்டா, அதை மூடத்தான் இந்தக் கதைன்னு பேச்சு.”

இந்துப்ரியா அவர் முகத்தையே பார்த்தாள். ராஜகுரு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“கோச்சிங் இல்லக்கா. அது நான் சொன்ன பொய்.”

“என்னடா சொல்றே?”

“பிள்ளைக்கு மனசு சரியில்ல. வைத்தியத்துக்காக ஓர் இல்லத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். பொய் சொன்னது நான். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

இந்துப்ரியா மேசையிலிருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முத்துச்செல்வி பேனாவை நீட்டினாள்.

“அப்போ ஓடிப்போயிட்டான்னு சொல்றது?”

“ஓடிப்போகல” என்றார் ராஜகுரு. “எனக்கு எதிர்ல உக்காந்து ஃபாரம் எழுதிட்டிருக்கா.”