கட்டாத நுனி

படகு வாங்கிய அன்றே ஆடிட்டருக்கு அவர் மனைவி ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். "தீவு தீவா சுத்தலாம், வேண்டாங்கல. ஆனா சாயங்காலம் எந்த ஊர்னு சொல்றீங்களோ அங்க போய் நிக்கணும். ஒரு ராத்திரி நடுவுல மாட்டிக்கிட்டாலும் படகை வித்துடணும்." ஆடிட்டரும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டார். காலமெல்லாம் அடுத்தவன் கணக்கைத் திருத்தியே ஓய்ந்த மனுஷன். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இந்தப் பாய்மரப் படகு ஒன்றைத்தான்.

பயணத்தின் ஐந்தாம் நாள் மத்தியானம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சொன்ன ஊருக்கே போவேன் என்று அடம்பிடித்தால் அது உயிருக்கே உலை வைத்துவிடும். எதிரே தெரிந்த குட்டித் தீவின் வளைவுக்குள் படகைத் திருப்பினார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்று ராத்திரி இங்கேதான், படகு போச்சு என்று முடிவே கட்டிவிட்டார்.

அந்தத் துக்கத்தில் புத்தி மழுங்கிவிட்டது. கயிற்றின் மறுநுனியைப் பார்க்காமலே நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கயிறு சரசரவென்று ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் அதன் நுனியும் அவர் கண்ணெதிரே தண்ணீருக்குள் போய்விட்டது.

"என்னங்க, கயிறு மொத்தமும் போயிடுச்சு?"

"காலைல கழுவிக் காயப்போட்டேன்மா. மறுபடி படகுல கட்ட மறந்துட்டேன்."

படகு பாறைப் பக்கமாக நகர ஆரம்பித்தது. அவள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் டீச்சர். ஆனாலும் இத்தனை நாளும் மூட்டைமுடிச்சுகளோடு இன்னொரு மூட்டையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். எதைத் தொட்டாலும் "நீ விடு, உனக்குத் தெரியாது" என்பார் ஆடிட்டர். இப்போது அவரை யார் கேட்டார்கள்? வேறொரு கயிற்றை எடுத்து ஒரு நுனியை அவர் கையில் திணித்தாள். "இதையாவது கட்டுங்க!" மறுநுனியோடு குதித்துவிட்டாள்.

முதல் தடவை வெறுங்கையோடு மேலே வந்தாள். மூச்சு வாங்கினாள், அவரைத் திட்டவும் கொஞ்சம் நேரம் ஒதுக்கினாள், மறுபடி மூழ்கினாள். அடியில் கிடந்த நுனியோடு இதை முடிச்சுப் போட்டதும் படகு ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. இந்தத் தடவை மறுநுனியை ஆடிட்டர் கட்டியிருந்தார்.

மழை அடித்து ஓய்ந்தது. அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தாள். ஆடிட்டர் போனை எடுத்தார்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். படகு புரோக்கருக்குப் போடறேன்." நம்பரையும் அழுத்திவிட்டார்.

"நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்னா நினைச்சீங்க? போரடிச்சுதுங்க! இன்னிக்குத்தான் என்னை ஒரு ஆளா மதிச்சு ஒரு வேலை வந்துச்சு." போனைப் பிடுங்கினாள். அதற்குள் புரோக்கர் எடுத்துவிட்டார்.

"படகு விக்கறதா இல்லீங்க. விக்கறதுக்கு எங்க வீட்டுக் கேப்டன் ஒருத்தர் இருக்கார், வேணும்னா சொல்லுங்க, பேசி முடிச்சுக்கலாம்."

ஆடிட்டர் சிரித்தார். கூடவே அழுகையும் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள அவளுடைய ஈரத் துண்டையே இழுத்துக்கொண்டார்.